காயம்பட்ட உடலின் கொதிப்பு

கல்கத்தாத் தமிழர்களுக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் என்றாலே ஊர்ப்பயணம் என்றுதான் பொருள். ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட அவ்வண்டி 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, பாலசோர் அருகே பாஹாநகா பஜாரில் விபத்துக்குள்ளாகி 290 பேருக்கு மேல் மாண்டதை நம்மில் மறந்தவர் இரார். காயமுற்றோர் ஆயிரத்துக்கும் அதிகம். இத்தகைய விபத்துகளுக்குப் பின் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு: தையல் போட்டாயிற்று, எலும்பும் கூடி வருகிறது, ஆள் மட்டும் ஏன் உருகிக்கொண்டே போகிறார்? ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் நாம் இதைப்பற்றிப் படித்தறிந்தவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறதல்லவா? நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, நீரையும் வெள்ளையணுக்களையும் அங்கே கசியவிடுகின்றன. இதனை அழற்சி என்பர். இஃதின்றேல் சிறு புண்ணும் ஆறாது. ஆனால் தொடையெலும்பு முறிந்து, தசை நசுங்கியவருக்கு அழற்சி ஓரிடத்தில் நில்லாமல் இரத்தத்தோடு உடலெங்கும் பரவக்கூடும். அப்போது அடிபடாத நுரையீரலிலும் நீர் கோக்கிறது, சிறுநீரகமும் தளர்கிறது.

கிருமி புகாமலே இவ்வளவு கொதிப்பு ஏன்? பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் 2010இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்புகள், ஆதியில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் வழிவந்தவை. தசை நசுங்கும்போது அவற்றின் துணுக்குகள் இரத்தத்தில் கலக்க, வெள்ளையணுக்கள் பகைக் கிருமியென மயங்கிப் போர் தொடுக்கின்றன. ஊர்க்காவலன் உள்ளூர்க்காரனையே திருடனென்று அடிப்பதுபோலத்தான்!

மருந்தால் அடக்கிவிடலாமே என்பீர்கள். தலைக்காயமுற்ற பதினாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய 'கிராஷ்' என்னும் பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு பெற்றோரில் இரு வாரத்தில் இறந்தவர் 21 சதவிகிதம், பெறாதோரில் 18.

வீட்டாருக்கு முக்கியமானது வேறொன்று. ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் கத்பர்ட்சன் 1930ஐ ஒட்டி, எலும்பு முறிந்தோரின் சிறுநீரைச் சோதித்து, படுத்திருப்பவரின் தசையே கரைந்து வெளியேறுவதைக் கண்டார். ஆள் உருகுவதன் காரணம் இதுவே. நம்மவரோ பத்தியமென்று கஞ்சியும் ரசமும் கொடுத்து நாட்களைக் கழிக்கிறோம்! சிறுநீரகக் கோளாறு இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டால், பருப்பு, முட்டை, தயிர் தாராளமாகக் கொடுக்கலாம். மீன் உண்பவருக்கு இவ்வூரில் பஞ்சமேயில்லை. டாக்டர் அனுமதித்தவுடன் எழுப்பி நாலடி நடக்கவைப்பதும் அதே அளவுக்கு அவசியம்.