மீன் குட்டைக்குக் கலங்கல் குழாய் அமைத்தல்

ஏரிக்குக் கரை எவ்வளவு முக்கியமோ, கலங்கலும் அவ்வளவு முக்கியம் என்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். கலங்கல் இல்லாத ஏரி, மழை மிகுந்தவுடன் தன் கரையைத் தானே உடைத்துக்கொண்டு வெளியேறும். ஆயினும், சொந்த நிலத்தில் மீன் வளர்ப்பதற்குக் குட்டை வெட்டுவோரிற் பலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். கரையில் ஒரு பள்ளம் வெட்டி, அதன் குறுக்கே வலையைக் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்வலையைச் சருகும் பாசியும் அடைத்துக்கொள்ளும். நீர் கரைமேல் ஏறும். பல மாதம் தீனியிட்டு வளர்த்த கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் ஓரிரவில் வெளியேறுவதுடன், கரை உடைந்து அண்டை வயலின் பயிரும் பாழாகும். சிறிது பொருள் செலவிட்டுக் கலங்கல் குழாய் அமைத்தால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நீரின் அளவு:— குழாயின் பருமனை உத்தேசமாகத் தீர்மானிப்பது தவறு. 10 சென்ட் பரப்புள்ள குட்டையில் ஒரு மணி நேரத்தில் 2 அங்குல மழை பெய்தால், ஏறக்குறைய 20,000 லிட்டர் நீர் சேரும். அஃதாவது, நொடிக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் வெளியேற வேண்டும். 4 அங்குலக் குழாயின் வாய்க்கு மேல் 2 அங்குல உயரம் நீர் நின்றாலும், அது நொடிக்குச் சுமார் 5 லிட்டரையே ஏற்கும். 6 அங்குலக் குழாய் ஏறக்குறைய 9 லிட்டர் ஏற்கும். ஆதலால் 10 சென்ட் குட்டைக்கு 6 அங்குலக் குழாயே தக்கது. இக்கணக்கு குட்டையின்மேல் நேராகப் பெய்யும் மழைக்கு மட்டுமே பொருந்தும். மேட்டு நிலத்து நீர் குட்டைக்குள் வருமாயின், அதனைச் சுற்று வாய்க்கால் வெட்டி வேறு வழியில் திருப்பிவிடுதல் அவசியம்.

இரட்டைக் குழாய் முறை:— குட்டையின் ஆழமான பகுதியில் 6 அங்குலக் குழாயொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் வாயை நீர் நிற்கவேண்டிய மட்டத்தில் வைக்க வேண்டும். நீர் அம்மட்டத்தைத் தாண்டியவுடன் குழாய்க்குள் விழுந்து, கரைக்கு அடியிற் சென்று வெளியேறும். ஆனால் இவ்வொற்றைக் குழாய் மேல்நீரையே கொண்டுபோகும். மேல்நீரில்தான் பிராணவாயுவும், கட்லா மீன் உண்ணும் நுண்ணுயிர்களும் மிகுந்துள்ளன. எச்சமும் மிஞ்சிய தீனியும் அழுகிக் கெட்ட அடிநீரோ குட்டையிலேயே தங்கிவிடும்.

இக்குறையை நீக்க, 10 அங்குலக் குழாயொன்றை முதற்குழாய்க்கு உறைபோல வெளியே நிறுத்துதல் வேண்டும். உறைக்குழாயின் மேல்முனை நீர்மட்டத்திற்கு ஓரடி உயரத்தில் இருக்கட்டும். அதன் அடிப்பாகத்தில் பல துளைகள் இடவேண்டும். அத்துளைகளின் மொத்தப் பரப்பு உட்குழாயின் வாயைப்போல் இரு மடங்குக்குக் குறையலாகாது. இப்போது அடிநீர் துளைகள் வழியே புகுந்து, இரு குழாய்களின் இடைவெளியில் ஏறி, உட்குழாய்க்குள் விழும். மழை பெய்யுந்தோறும் கெட்ட நீர் கழியும். உறைக்குழாயின் மேல்முனையைக் காற்றுப் புகாதபடி மூடுவது பேரபாயம். மூடினால் நீர் உறிஞ்சப்பட்டு, அடித்துளைகளின் மட்டம்வரை குட்டை வற்றிவிடக்கூடும்.

பதிக்கும் விதம்:— குட்டையில் நீர் விடுமுன்பே இவ்வேலையை முடிக்க வேண்டும். கரைக்கு அடியில் செல்லும் குழாயை அசையாத கெட்டித் தரையில், வெளிப்புறம் சற்றே சரியுமாறு வைக்கவும். குழாயை ஒட்டிக் கசியும் நீராலும் கரைகள் உடைவதுண்டு. ஆகையால், கரையின் நடுவில் குழாயைச் சுற்றி, எப்பக்கமும் 2 அடி நீளுமாறு காங்கிரீட் தடுப்பு ஒன்று கட்டுதல் நலம். பின்னர் ஈரக் களிமண்ணை 6 அங்குலக் கனமுள்ள அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் நன்கு இடிக்க வேண்டும். செங்குத்துக் குழாய் சேரும் எல்போவைக் காங்கிரீட்டில் பதித்துவிடவும். இல்லையேல் நீர் அதனை மேலே தூக்கும். உட்குழாயைப் பசையிட்டு ஒட்டாமல் ரப்பர் வளையத்துடன் செருகினால், மீன் பிடிக்கும் காலத்தில் உறையை எடுத்து, உட்குழாயையும் உருவிக் குட்டையை முழுதும் வடித்துவிடலாம்.

வலைக்கூடு:— உறைக்குழாயைச் சுற்றி 2 அடிச் சதுரமான கம்பிவலைக் கூடொன்றைத் தரையிலிருந்து நீர்மட்டத்திற்கு மேல்வரை அமைக்க வேண்டும். பரப்பு மிகுதியாக இருப்பதால், ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கம் நீர் புகும். குஞ்சுகள் சிறியனவாயிருக்கும்போது கால் அங்குலக் கண்ணும், வளர்ந்தபின் அரை அங்குலக் கண்ணும் உள்ள வலை ஏற்றது. வெளிமுனையை வடிகால் நீருக்கு 2 அடி உயரத்தில் நிறுத்தினால், புதுநீரை எதிர்த்து ஏறிவரும் விராலும் கெளுத்தியும் உட்புகுந்து குஞ்சுகளைத் தின்னும் தொல்லை குறையும்.

இரண்டாவது வழி:— எவ்வளவு நன்கு அமைத்த குழாயும் ஒருநாள் அடைபடலாம். எனவே, குழாய் வாய்க்கு அரை அடி உயரத்தில், கரையின் கெட்டியான ஓரத்தில், 4 அடி அகலமுள்ள ஆழமில்லாத போக்கு ஒன்று வெட்டி, அறுகம்புல் பதித்து, குறுக்கே வலைத்தட்டி நிறுத்த வேண்டும். கரையின் உச்சி குழாய் வாய்க்கு 2 அடி உயரமாக இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு:— வெளியேறும் நீர் வடிகாலைச் சேருகிறதா, அல்லது பாதையிலும் பிறர் வயலிலும் பாய்கிறதா என்று மழைக்காலத்திற்கு முன்பே பார்த்து வைத்தல் பின்வரும் வழக்குகளைத் தடுக்கும். 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா எனும் ஜிலேபிக் கெண்டை, இன்று ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவி நாட்டு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது. ஒரு குட்டையிலிருந்து தப்பும் மீன் ஊர்ப் பொது ஏரியைச் சேருமாதலால், வலைக்கூட்டின் செம்மை உரிமையாளரின் சொந்த விஷயம் மட்டுமன்று.

புரட்டாசி முடிவதற்குள் வலையைக் கழற்றித் துலக்கி, குழாயில் நீர் விட்டுப் பார்த்து, கரையின் வெளிப்புறத்தில் ஈரக்கசிவு உண்டா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். மழை பெய்யும் நாட்களில் மாலையில் ஒருமுறை வலையிலுள்ள சருகை வாரிவிடுவது, இரவில் குட்டையைக் காக்கும்.