மறுபடி நிரப்பிய மைப்பெட்டியின் கோளாறுகளும் அவற்றைக் களையும் முறையும்

எழுத்தின் தலைமேல் அமரும் புள்ளி சிறியதே. எனினும், அது மறைந்தால் ‘பத்து’ என்னும் சொல் ‘பதது’ ஆகிவிடும். வினாத்தாளில் நேரும் இப்பிழை மாணவரைக் குழப்புவதோடு நின்றுவிடலாம். ஆனால், பூச்சிமருந்தின் அளவைக் கூறும் துண்டறிக்கையில் 2.5 மில்லிலிட்டர் என்பதன் புள்ளி மறைந்து 25 மில்லிலிட்டர் எனப் படிக்கப்படின், பயிருக்கும் மனிதருக்கும் தீங்கு விளையும். அச்சுப்பொறியின் மை சரிவர வெளிப்படாமையே இத்தகைய பிழைகளுக்குக் காரணமாதல் உண்டு.

1960-ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பில் ஆந்திரத்தோடு இணைந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள சத்தியவேடு போன்ற எல்லைப்புற ஊர்களில், தமிழ் வினாத்தாள்களையும் அறிவிப்புகளையும் வீட்டிலுள்ள இங்க்ஜெட் பிரிண்டரிலேயே அச்சிட்டுக்கொள்வது எளிதாகும். கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டியைப் புதிதாக வாங்கச் செலவு மிகுதியாதலின், பலர் பழைய பெட்டியிலேயே ஊசிக்குழலால் மை நிரப்புகின்றனர். இம்முறை பயன்தரத்தக்கதே. ஆயின், கோளாறு தோன்றும்போது அதன் காரணத்தை அறிந்தபின்னரே பரிகாரம் தேடுதல் வேண்டும்.

பொறி இயங்கும் விதம்

1977-ஆம் ஆண்டில் ஜப்பானின் கானன் நிறுவனத்தில், மை நிறைந்த ஊசியின்மேல் சூடான பற்றுக்கோல் தற்செயலாகப் பட, மைத்துளி பீறிட்டது. அதனைக் கண்ட இசிரோ எண்டோ என்னும் ஆராய்ச்சியாளரின் சிந்தனையில் உருவானதே வெப்பமுறை மைத்தெறிப்பு. பெட்டியின் அடியிலுள்ள தகட்டில், தலைமயிரினும் நுண்ணிய துளைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் உள்ள சிறு வெப்பி, நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரமே சூடேறி, ஒரு நீராவிக் குமிழியை எழுப்புகிறது. குமிழி மையைத் தள்ள, துளி தாளில் விழுகிறது. அவ்வெப்பியைக் குளிரச் செய்வதும் மையே. ஆதலால், மை வராத நிலையில் மீண்டும் மீண்டும் அச்சிட முயல்வது வெப்பியை எரித்துவிடும். பின்னர் எப்பரிகாரமும் பயன்படாது.

கோளாறுகளும் பரிகாரங்களும்

முதலில் நாசில் செக் என்னும் சோதனைப் படிவத்தை அச்சிட்டு நோக்குக. கீழ்க்காணும் முறைகள் துளைத்தகடு பெட்டியோடு இணைந்துள்ள வகைக்கே உரியன.

நிரப்பியபின் ஒரு நிறம் அறவே வாராதிருந்தால், பஞ்சினுள் காற்று அடைபட்டிருக்கலாம். அன்றி மேலுள்ள காற்றுத்துளை மூடியிருக்கலாம். காற்றுத்துளையைத் திறந்து, பெட்டியைத் துளைப்பக்கம் கீழாகச் சில மணி நேரம் நிறுத்துக. பின்னர், ஈரமாக்கிய நூலுதிராத துணியில் மெல்ல ஒற்றினால், துணி மையை உறிஞ்சி ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும்.

எழுத்துகளின் குறுக்கே வெண்கோடுகள் தோன்றினால், சில துளைகளில் மை உலர்ந்துள்ளது எனக் கொள்க. வெதுவெதுப்பான வாலைநீரில் நனைத்த துணிமேல் தகட்டைச் சில நிமிடம் வைத்து எடுக்கலாம். பொறியின் தூய்மையாக்கும் கட்டளையை ஓரிருமுறைக்குமேல் தருதல் கூடாது. ஒவ்வொரு முறையும் மை வீணாகிறது.

மை சொட்டித் தாளைக் கறைப்படுத்தினால், பெட்டி அளவுக்குமேல் நிரம்பியிருக்கலாம். பஞ்சின் நுண்புழை ஈர்ப்பே மையைத் தாங்கி நிற்பது. பஞ்சு தெவிட்டினால் அத்தாங்குதிறன் குறையும். சொட்டு நிற்கும்வரை மையை ஒற்றி எடுத்தலே போதும்.

நிறங்கள் மாறித் தோன்றினால் ஒரு மை வேறோர் அறையிற் கலந்துள்ளது. கரையும் சாய மையையும் நுண்துகள் கொண்ட நிறமி மையையும் கலப்பின், அவை திரிந்து துளைகளை அடைத்துவிடலாம்.

நிரப்பியபின்னும் பொறி “மை இல்லை” என அறிவிப்பது பெரும்பாலும் கோளாறன்று. பல பொறிகள் மையைக் காண்பதில்லை. தெறித்த துளிகளை எண்ணிக் கணக்கிடுகின்றன. கையேட்டில் கூறியவாறு அவ்வறிவிப்பைக் கடந்து செல்லலாம்.

வருமுன் காத்தல்

மை முற்றும் தீருமுன்பே நிரப்புதல் நன்று. கோடையில் வாரம் ஒரு பக்கமேனும் அச்சிடுதல் வேண்டும். பொறியை அதன் பொத்தானால் நிறுத்திய பின்னரே சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி தன் இருப்பிடம் சென்று துளைகள் மூடப்பெறும். அச்சிடும்போது மின்தடை நேர்ந்தால், துளைகள் திறந்தபடியே உலர்ந்துவிடும். மின்சாரம் வந்தவுடன் பொறியை இயக்கி, முறைப்படி நிறுத்துக.

எல்லாவற்றிற்கும் மேலாக, முதற்படியை மூலத்தோடு ஒப்புநோக்கி, புள்ளிகளும் எண்களும் குறைவின்றி உள்ளனவா எனக் கண்டபின்னரே ஏனைய படிகளை அச்சிடுதல் ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் கடமையாகும்.