உலகைத் தரைவழியே சுற்றப் போகிறீர்களா? உடம்பைக் கேட்டு வழி போடுங்கள்

விமானத்தில் போகிறவர் நடுவிலுள்ள நாடுகளுக்கு மேலே பறந்துவிடுகிறார். பேருந்திலும் ரயிலிலும் சொந்த வண்டியிலும் போகிறவர் ஊர் ஊராகத் தண்ணீர் மாற்றிக் குடித்து, கொசுக்கடி வாங்கி, மலையேறி இறங்கிப் போகிறார். நம்மில் இப்படிக் கிளம்புகிறவர்கள் விசாவுக்கும் வண்டிக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். எந்தத் திசையில் போவது, எங்கே எத்தனை இரவு தங்குவது என்பதையே உடல்நலம்தான் முடிவு செய்ய வேண்டும். புறப்பட எட்டு வாரம் இருக்கும்போதே, போகப்போகும் நாடுகளின் பட்டியலோடு மருத்துவர் முன் உட்காருங்கள்.

எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

மத்திய ஆசியாவைக் கடப்பவர்களை ஈர்க்கும் சாலை, கிர்கிஸ்தானின் ஓஷ் நகரையும் தஜிகிஸ்தானின் துஷான்பேயையும் இணைக்கும் பாமிர் நெடுஞ்சாலை. அதன் உச்சியான அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓஷ் இருப்பதோ சுமார் 1,000 மீட்டரில். அங்கிருந்து ஜீப்பில் கிளம்பினால் அன்றிரவே 3,000 மீட்டருக்கு மேலுள்ள சாரி-தாஷ் கிராமத்தில் படுக்க நேரும். மறுநாள் இரவு கரகுல் ஏரிக்கரையில், ஏறக்குறைய 3,900 மீட்டரில். உடம்பு பழக நேரமே இல்லை.

அதே சாலையில் துஷான்பே பக்கமிருந்து வாருங்கள். 2,000 மீட்டரைச் சற்றே தாண்டிய கோரோக் ஊரில் இரண்டு இரவு தங்கலாம். பிறகு வாக்கான் பள்ளத்தாக்கில் இஷ்காஷிம், லங்கர் என்று நின்று நின்று ஏறலாம். தூரம் கூடுகிறது, நாள் கூடுகிறது. ஆனால் உடம்பு குறைந்த ஆக்ஸிஜனுக்குப் பழகிக்கொள்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், முந்தைய இரவு படுத்த உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் அடுத்த இரவு படுக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். இளமையும் உடற்பயிற்சியும் இதில் காப்பாற்றுவதில்லை. திடமானவர்கள்தான் வேகமாக ஏறிப் படுத்துவிடுகிறார்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் அங்கேயே நில்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உயரத்துக்குப் பழக உதவும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் அட்டை

ஆப்பிரிக்காவில் நைரோபியிலிருந்து கேப்டவுன் வரை இறங்கும் பயணத்தில் எல்லையில் கேட்கப்படும் முக்கியமான தாள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். மஞ்சள் காய்ச்சல் என்பது காமாலை அல்ல, கொசு பரப்பும் வேறு நோய். கென்யா இந்நோய் உள்ள நாடு என்பதால், அங்கிருந்து வருகிறவரிடம் தான்சானியாவும் தென்னாப்பிரிக்காவும் சான்றிதழ் கேட்கும். இந்தியாவும் கேட்கும், இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து. ஆகவே அறுபதைத் தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், முட்டை ஒவ்வாதவர்களும் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளையும் அதே சந்திப்பில் பேசிவிடுங்கள்.

நாய் கடித்தால் நகரம் எங்கே?

சைக்கிளிலும் பைக்கிலும் போகிறவர்களை மேய்ச்சல் நிலங்களில் காவல் நாய்கள் துரத்தும். ரேபிஸ் முற்றினால் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்தவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அடுத்துத்தான் சிக்கல். முன்னரே ஊசி போடாதவருக்கு ஆழமான கடி பட்டால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. பல நாடுகளின் சிற்றூர்களில் அது கிடைப்பதில்லை. புறப்படும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டவருக்கு அது தேவைப்படாது. கடிபட்ட அன்றும் மூன்று நாள் கழித்தும் தடுப்பூசி மட்டும் போட்டால் போதும். மனித நடமாட்டம் குறைந்த வழியில் போகும் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.

மருந்துப் பை

நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுசென்றால் சிறைவரை போகலாம். எல்லா மருந்துக்கும் மூலப்பெயரில் எழுதிய மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றொன்று இருக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது கெடும்; பனிமலையில் உறைந்துபோனாலும் கெடும், பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. குளிரான இரவில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், ஏனெனில் உயரத்தில் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி.

சாலைதான் பெரிய ஆபத்து

உலகச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் இறக்கிறார்கள். பயணிகள் பயப்படுவதோ பாம்புக்கும் அபூர்வ நோய்களுக்கும். அறைச் செலவு மிச்சம் என்று தெரியாத நாட்டின் மலைப்பாதையில் இரவுப் பேருந்து ஏறாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இருட்டும் முன் நிறுத்திவிடுங்கள். ஹெல்மெட்டைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கி நடங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: எந்த உயரம் வரை செல்லும், இரு சக்கர வண்டி விபத்து சேருமா, பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவைத் தருவார்களா.

திரும்பிய பிறகு

ஆப்பிரிக்காவில் மலேரியா மாத்திரை எடுத்தவர்கள் ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். டாக்ஸிசைக்கிளினை மலேரியாப் பகுதியைவிட்டு வந்தபின் நான்கு வாரமும், அட்டோவகோன்-புரோகுவானிலை ஏழு நாளும் தொடர வேண்டும். மாத்திரையை முழுவதும் முடித்தவருக்கும் மலேரியா வரலாம். திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், எத்தனை டிகிரி என்று சொல்வதற்கு முன்பே மருத்துவரிடம் எந்தெந்த நாடுகளுக்குப் போய் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.