முதுகு வலித்தால் மறதி வருமா?

“மூட்டுவலி ஒரு பக்கம் வாட்டுது. அடுப்பில் என்ன வச்சேன்னே மறந்து போகுது. வயசாச்சு, வேறென்ன?” செகிஞ்சானிலிருந்து கோலசிலாங்கூர் வரை எந்தத் தோட்டத்திலும் நீங்கள் கேட்கக்கூடிய பேச்சுதான் இது.

வயது மட்டுமா காரணம்? இல்லை, வாசகர்களே! ஆண்டுக்கணக்கில் சுமக்கும் வலிக்கும் கவலைக்கும் இதில் பங்குண்டு.

செம்பனைத் தோட்ட வேலையை எண்ணிப் பாருங்கள். நீண்ட கம்பில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்தபடியே குலை வெட்ட வேண்டும். இருபது கிலோ குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு நாளெல்லாம் குனிந்த முதுகு. வேலையை விட்ட பிறகும் வலி விடுவதில்லை. வீட்டுக் கவலை, பிள்ளைகளைப் பற்றிய கவலையும் கூடச் சேர்கிறது.

அப்போது உடலில் நடப்பது என்ன? சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி, கார்ட்டிசோல் என்ற நீரைச் சுரக்கிறது. பாம்பைக் கண்டு ஓடும் வேளையில் அது நமக்கு நண்பன். நாள்தோறும் அளவுக்கு மீறிச் சுரந்தாலோ பகைவன்! நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை அது தாக்குகிறது. அந்தப் பகுதி இத்தகைய சுரப்புநீரை ஈர்த்துக்கொள்கிறது என்பதை 1968இல் நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவன் எலிகளிடம் கண்டறிந்தார்.

2004இல் சிகாகோவில் அப்கேரியன் குழுவினர், நெடுநாள் முதுகுவலிக்காரர்களின் மூளையைப் படமெடுத்தனர். சாம்பல் நிறப் பகுதி 5 முதல் 11 விழுக்காடு வரை குறைந்திருந்தது. பத்து இருபது ஆண்டு முதுமைக்கு அது சமம்!

பயப்பட வேண்டாம். 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் நல்ல செய்தி சொன்னார்கள். சிகிச்சையால் முதுகுவலி தணிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் மெலிந்திருந்த மூளைப் பகுதி மீண்டும் தடித்திருந்தது. ஆகவே, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது வீரமல்ல.

ஓர் எச்சரிக்கை. ஒரே நாளில் வலியைப் போக்கும் என்று விற்கப்படும் பதிவில்லாத ஜாமு, மாஜூன் வகைகளை வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதுவும் கார்ட்டிசோலின் உறவுதான். நெடுநாள் உட்கொண்டால் நினைவாற்றலையும் கெடுக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

* வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.
* இரத்த அழுத்தம், இனிப்புநீர் இரண்டையும் சோதியுங்கள். அவையும் மூளைக்குப் பகை.
* டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முடிந்த அளவு தினமும் நடங்கள்.
* தூக்கத்தைக் கெடுக்கும் கவலையை உற்றவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

பழகிய பாதை தெரியாமல் திகைத்தால், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால், சில்லறை எண்ணத் தடுமாறினால், அதை வலியின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளே! அம்மா மறந்து பேசினால் கேலி செய்யாதீர்கள். “எங்கேம்மா வலிக்குது?” என்று கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது வலியோடு மறதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.