பிஸ்டன் பின்னைக் கழற்றுமாறு

வன்னிப் பெருநிலப்பரப்பில் உழவியந்திரமும் நீரிறைக்கும் யந்திரமும் எத்துணை இன்றியமையாதன என்பதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை அறிந்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பயிரிடுவோனுக்கு விதைப்புக் காலத்தில் உழவியந்திரம் நின்றுவிடின், அவ்வாண்டின் காலபோகமே ஐயத்துக்கிடமாகும்.

1990ஆம் ஆண்டில் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது எரிபொருள் அருகியது, உதிரிப்பாகமோ கிடைத்தற்கரியதாயிற்று. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் அக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதை இன்றும் பலர் வியந்து பேசுவர். சிறிது பெற்றோலைக் கொண்டு முடுக்கி, யந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அப்பழைய யந்திரங்களில் அமுக்கவிகிதம் குறைவாதலின் இது இயன்றது. ஆயின் அதற்குரிய விலையையும் யந்திரமே செலுத்தியது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரிற் படிந்த எண்ணெயைக் கழுவிச்சென்று, கீழேயுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். றிங்குகள் விரைவில் தேயும், கரி படியும். எனவே யந்திரத்தை அடிக்கடி பிரிக்க நேர்ந்தது. புதுப் பிஸ்டன் வாங்க வழியில்லாதவிடத்து, உள்ளதைச் சிதைக்காமற் கழற்றத் தெரிந்தவனே வல்லவன் எனப்பட்டான்.

பிஸ்டனையும், கொனெக்டிங் றொட் எனப் பட்டறையில் வழங்கும் இணைப்புத்தண்டையும் பொருத்துவது பிஸ்டன் பின். அஃது உட்டுளையுள்ள, வன்மைமிக்க உருக்குக் குழல். அதனைக் கழற்றப் புகுமுன் வினவவேண்டியது ஒன்றே: பின்னைப் பிடித்திருப்பது எது? சுத்தியலை எடுப்பதற்கு முன்னர் இவ்வினாவுக்கு விடை காணாதார் பலர்.

மசி பேர்கசன் 135 உழவியந்திரத்தின் மூன்று சிலிண்டர்ப் பேர்க்கின்ஸ் யந்திரத்தில், பின் இரு புறமும் தளர்வாகச் சுழல்வது. அது நழுவாதபடி இரு முனைகளிலும் பூட்டுவளையங்கள் உள. வளையங்களை எடுத்துவிட்டுப் பிஸ்டனைச் சுடுநீரிலிட்டால், பெரும்பாலும் பெருவிரலாலேயே பின்னைத் தள்ளிவிடலாம். அலுமினியம் உருக்கைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரிவது இதற்குக் காரணம். 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை 40 பாகை சூடேறின், பின்னைவிட ஏறத்தாழ 0.014 மில்லிமீற்றர் கூடுதலாக அகலும். இச்சிறு இடைவெளியே போதுமானது.

948 கனசென்ரிமீற்றர் மொறிஸ் மைனரின் அமைப்பு வேறு. அதில் இணைப்புத்தண்டின் சிறுமுனை பிளவுபட்டது. ஒரு போல்ற்று அதனை இறுக்கிப் பின்னின் நடுவிலுள்ள பள்ளத்தினூடே செல்லும். போல்ற்றைத் தளர்த்தினால் மட்டும் போதாது. முற்றாக வெளியே எடுத்தல் வேண்டும். இதனையறியாது அடிப்பவன் எத்துணை அடித்தாலும் பின் அசையாது, தண்டுதான் வளையும்.

மூன்றாவது வகையே கடினமானது. 1275 கனசென்ரிமீற்றர் பிரித்தானிய யந்திரங்களிலும், பின்வந்த ஜப்பானிய வாகனங்கள் பலவற்றிலும், பூட்டும் இல்லை, போல்ற்றும் இல்லை. பின்னின் விட்டம் தண்டின் துளையினும் நூறிலிரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரிது. அவ்விறுக்கமே அதனைப் பிடித்திருக்கிறது. இங்குச் சுடுநீர் பெரிதும் பயன்படாது. பின்னும் உருக்கு, தண்டும் உருக்கு, இரண்டும் ஒருங்கே விரியும். அழுத்தியே வெளியேற்றல் வேண்டும். அதற்கு வேண்டும் விசை ஒரு தொன்னையும் கடக்கக்கூடும்.

அவ்விசை எங்கே தாங்கப்படுகிறது என்பதிலேயே பிஸ்டனின் உயிர் உள்ளது. பின் செல்லும் துளையைச் சூழ்ந்த தடித்த பகுதியைத் தக்க குழலொன்றால் தாங்குதல் வேண்டும். பிஸ்டனின் மெல்லிய பக்கச்சுவரில் தாங்கினால் அது நசுங்கும். அழுத்தும் கோல் பின்னைவிடச் சிறிது ஒடுங்கியதாய் இருத்தல் வேண்டும். அழுத்துயந்திரம் இல்லாத வீட்டில் நீண்ட வலிய போல்ற்றொன்றைப் பின்னின் உட்டுளையினூடே செலுத்தலாம். ஒருபுறம் பின்னை நுழையவிடும் குழலைப் பிஸ்டனோடு பொருந்த வைத்து, மறுபுறம் பின்னின் முனையில் வளையமிட்டு, நட்டைச் சிறிது சிறிதாகத் திருகினால் பின் குழலுக்குள் வந்துசேரும். போல்ற்று வளையத் தொடங்கின் அங்கேயே நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுசெல்க. வளைந்த தண்டோடு ஓட்டப்படும் பிஸ்டன் ஒருபுறமே தேய்ந்து சிலிண்டரையும் கெடுக்கும். பல யந்திரங்களிற் பின்துளை மையத்தினின்றும் சிறிது விலகியிருக்கும். ஆதலின் கழற்றுமுன் முன்பக்கத்தையும் சிலிண்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்து பாதைகள் திறந்தபின் உதிரிப்பாகங்கள் வன்னிக்கு வந்தன. எனினும் இறுகிய பின்னைத் திரும்பப் பொருத்தும் வேலை இலகுவாகிவிடவில்லை. தண்டின் சிறுமுனையை மட்டும் வைக்கோல் நிறம் தோன்றுமளவும், அதாவது ஏறத்தாழ 230 பாகை வரை, சூடேற்றுவர். 20 மில்லிமீற்றர்த் துளை 200 பாகை சூடேறின் 0.048 மில்லிமீற்றர் அகலுமாதலின், குளிர்ப்பெட்டியில்லாத வீட்டிலும் குளிர்விக்காத பின்னே உட்செல்லும். ஆயின் தண்டின் சூடு பின்னில் இறங்கச் சில நொடிகளே பிடிக்கும். பின் வழியில் நின்றுவிட்டால் அடித்து நகர்த்தல் ஆகாது, மறுபடியும் அழுத்தியே எடுத்தல் வேண்டும். ஆகவே, பின் எங்கே நிற்கவேண்டுமென்பதை முன்னரே அளந்து, அவ்விடத்தில் அதனைத் தடுக்கும் கட்டையொன்றை மறுபுறம் வைத்த பின்னரே தீயை மூட்டுவர்.