கடன் வாங்கியது யார்?

ஆள் இளைத்தால் சுகர் இறங்கும் என்பது ஆபீஸ் கேன்டீன் வைத்தியம். கேன்ஸரிடம் அது செல்லாது சார்!

பாஞ்சாலங்குறிச்சியில் என் பெரியப்பா, கரிசலில் பருத்தி மூட்டை சுமந்தவர். கேன்ஸர் வந்ததும் சட்டை தொளதொளத்தது; சுகரோ ஏறியது. “ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்காக” என்றார் பெரியம்மா. “சோத்தைக் குறைங்க” என்றது ஊர். இரண்டுமே பாதிக் கணக்கு.

நான் பி.காம். முழுக் கணக்கு இதோ: கட்டி ஒரு குளுக்கோஸை அரைகுறையாக எரித்துச் சம்பாதிப்பது 2 ஏ.டி.பி. அதுதான் செல்லின் சில்லறைக் காசு. மிச்சமாகும் லாக்டேட்டை மறுபடி குளுக்கோஸாக்கக் கல்லீரல் செலவழிப்பது 6. நிகர நஷ்டம் 4. அசல் கந்துவட்டி! கட்டியின் இந்த ஊதாரித்தனத்தை 1920-களிலேயே கண்டு சொன்னவர் ஜெர்மனியின் ஆட்டோ வார்பர்க்.

போதாக்குறைக்கு, நோய் கிளப்பும் ரசாயனங்கள் பசியைக் கெடுத்து, தசையைக் கரைக்கின்றன. இன்சுலின் சொல்லுக்கும் உடம்பு மசிவதில்லை. சிகிச்சையில் ஸ்டீராய்டு சேர்ந்தால் சுகர் இன்னும் எகிறும்.

ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை போனால், அதாவது 60 கிலோ ஆசாமி 3 கிலோவுக்கு மேல் இழந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள். சோற்றை நீங்களாகக் குறைக்காதீர்கள். நோயாளியைத் திட்டவும் வேண்டாம். கடன் வாங்கியது அவரில்லை. கட்டுவது மட்டும்தான் அவர்!