வீட்டுச் சவர்க்காரமும் மரக்கறித் தோட்டமும்

பம்பலப்பிட்டி மாடி வீட்டுத் தொட்டியில் வளரும் மிளகாய்க்கும், யாழ்ப்பாணத்துத் தோட்டத்து மிளகாய்க்கும் அழுக்கணவன் பொதுப் பகையாகும். பூச்சிகொல்லி இறக்குமதி தடைப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டு, கையிலுள்ள பொருளைக் கொண்டு பயிர் காப்பதன் அருமையை உணர்த்திற்று. அவ்வழிகளுள் ஒன்று தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம். இது புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சென்னை மாகாண மீன்வளத் துறையினர் மலபாரிலுள்ள தானூரில் மீனெண்ணெய்ச் சவர்க்காரம் செய்து, பயிர்ப் பூச்சிகளை ஒழிக்க உதவினர்.

செய்முறை

தேங்காயெண்ணெய் 500 கிராம், எரிசோடா (காஸ்டிக் சோடா) 87 கிராம், நீர் 220 கிராம் ஆகியவற்றைத் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும். கைக்கணக்கு உதவாது, எரிசோடா மிகுந்தால் சவர்க்காரம் தோலையும் இலையையும் புண்படுத்தும்.

எரிசோடாவை நீரில் சிறிது சிறிதாக இடுக. எரிசோடாவின் மேல் நீரை ஊற்றலாகாது. அது பொங்கித் தெறிக்கும். கரைசல் மிகச் சூடேறுமாதலால், இளஞ்சூடாகும் வரை ஆறவிட்டு, இளஞ்சூடான எண்ணெயில் ஊற்றிக் கூழ்ப்பதம் வரும்வரை கிளற வேண்டும். பின்னர் அச்சில் வார்த்து, கெட்டியானதும் துண்டுகளாக்கி, காற்றோட்டமான இடத்தில் நான்கு வாரம் வைத்திருந்து பயன்படுத்துக.

எச்சரிக்கை

அலுமினியப் பாத்திரம் ஆகாது. எரிசோடா அதனை அரித்துவிடும். துருவேறாத உருக்குப் பாத்திரமே தகும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில், குழந்தைகளை அகற்றிய பின்னரே இவ்வேலையைத் தொடங்குக. கரைசல் உடலிற் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணிற் பட்டாலோ, விழுங்கினாலோ தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது.

தெளிக்கும் முறை

நன்கு முதிர்ந்த சவர்க்காரம் 10 கிராமைச் சீவி, ஒரு லீற்றர் நீரில் கரைக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீர் சவர்க்காரத்தைத் திரளச் செய்யும், மழைநீரே சிறந்தது. முதலில் சில இலைகளில் தெளித்து, இரண்டு நாள் கழித்துக் கருகல் இல்லையெனக் கண்ட பின்னரே ஏனைய செடிகளுக்குத் தெளிக்க வேண்டும். கடும் வெயிலைத் தவிர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க.

சவர்க்கார நீர் தன்மேற் பட்ட மென்னுடற் பூச்சிகளையே கொல்லும். காய்ந்தபின் அதற்கு வலிமையில்லை. ஆகவே ஒரு வாரத்தின் பின் மீண்டும் தெளிக்க நேரிடலாம். நெல்லின் தண்டுதுளைப்பானுக்கு இது பயன்படாது. மீன் வாழும் குளம், வாய்க்கால்களில் இந்நீர் கலவாமற் காத்தல் கமக்காரரின் கடமையாகும்.